ஒரு நாளும் ஒரு சாவியும்: சேலம் வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் சேலம் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் மூன்று வருடம் ஜெர்மனியில் ஆராய்ச்சி. பிறந்தது அம்மாப்பேட்டையில், தறி ஓடிய வீட்டில். உங்களில் பலரை விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பார்த்திருக்கிறேன், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு நம் கல்லூரிகளுக்குத் திரும்பி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமலூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. படித்த மாணவர் ஒருவரின் வீடு அது. எம்.எஸ்சி. முடித்ததும் தென்கொரியா போனார், அங்கேயே பிஎச்.டி. முடித்தார், பதினான்கு மாதங்களுக்கு முன்னால் திரும்பி வந்து நம் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது தன் ராஜினாமாவைச் சொல்வதற்கு. "மேடம், மறுபடியும் போறேன். இந்தத் தடவை அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அவர் அம்மா உள்ளே தட்டுவடை செட் செய்துகொண்டிருந்தார், வெளியே வரவே இல்லை.

அந்த அறையில் இரும்பு பீரோவுக்கு மேல் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. பழுப்பு டேப் ஒட்டி, மேலே கொரிய எழுத்து. என்ன என்று கேட்டேன். இறக்கிக் காட்டினார். டேப் கூடப் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பவை காயின் செல் உறைகள், அதாவது கார் ரிமோட்டில் இருக்குமே பொத்தான் பேட்டரி, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதன் வெறும் எஃகு மூடிகளும் ஸ்பிரிங்குகளும். கூடவே அவற்றைக் கையால் அழுத்தி மூடும் ஒரு சின்னக் கருவி. சொந்தக் காசில் வாங்கி, துணிகளுக்கு நடுவில் வைத்து, பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி, தொப்பூர் கணவாய் வழியாக பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம்.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்று. அவர் பிஎச்.டி. செய்தது லித்தியம் பேட்டரியில். அதற்கு ஈரமும் ஆக்சிஜனும் புகாத, ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டி வேண்டும், அது நம் கல்லூரிகளில் நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும். அதனால் கடைசி ஒரு வருடம் துத்தநாக அயனி பேட்டரிக்கு மாறினார். அதன் உள்ளே இருப்பது நீர்க்கரைசல். சாதாரண மேசையில், மின்விசிறி ஓடும் அறையில் உட்கார்ந்து சேர்த்துவிடலாம். பி.எஸ்சி. மாணவர்களே செய்யலாம். நம் ஊரில் என்ன முடியும் என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்து, அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டு வந்தவர் அவர். வசதி கேட்டு அடம் பிடித்தவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. இருந்தும் பதினான்கு மாதத்தில் அந்த டேப்பைப் பிரிக்க ஒரு பிற்பகல் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டேன். வாரம் 22 பீரியட். இரண்டு வகுப்புகளுக்கு மென்டர். நாக் எனப்படும் கல்லூரித் தர மதிப்பீட்டு வேலையில் மூன்றாம் கிரைட்டீரியன் கோப்பு முழுக்க அவர் தலையில். மேச்சேரி ரூட் பஸ்ஸுக்குப் பொறுப்பாளர், அதனால் காலை ஏழு மணிக்கு ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் இறங்குவார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அட்மிஷனுக்காகப் பள்ளி பள்ளியாகவும் வீடு வீடாகவும் போக வேண்டும். ஆய்வகம் நாலரை மணிக்குப் பூட்டப்படும், சாவி அலுவலகத்தில் இருக்கும். சனிக்கிழமை திறக்க எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லை. கொரியப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தகுதிச் சான்று வரும்வரை தொகுப்பூதியம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது, எந்தக் காகிதம் எங்கே சான்றொப்பம் ஆக வேண்டும் என்பதை அலுவலகத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி தர, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2025 ஏப்ரலில் தனி விதிமுறையே அறிவித்திருக்கிறது. அதைப் பற்றிய தாளை அவரே தேடி எடுத்து, அவரே அலுவலகத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கல்லூரியில் யாரும் அவரிடம் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. இதை அவரே இரண்டு முறை சொன்னார். சேர்ந்த அன்று பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், கல்லூரி விளம்பரப் பலகையில் அவர் முகம் வந்தது. அதற்கு அப்புறம் எல்லோருக்கும் போடுகிற டைம்டேபிளை அவருக்கும் போட்டார்கள், அவ்வளவுதான்.

என் முதல் வருடத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆனதால் வந்தேன். வந்ததில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அனுபவச் சான்றிதழில் சிக்கல். ஜெர்மன் பேராசிரியர் கொடுத்த கடிதத்தில் கையெழுத்து இருந்தது, ரவுண்டு சீல் இல்லை. "சீல் இல்லாம எப்படிங்க மேடம்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் பேராசிரியருக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கு மின்னஞ்சல் எழுதி, அவர் துறைச் செயலரிடம் கேட்டு, எங்கிருந்தோ ஒரு முத்திரையைத் தேடிப் பிடித்துக் குத்தி அனுப்பினார். நான்கு மாதம் போனது.

அடுத்தது இங்கிலீஷ். வெளிநாடு போய் வந்தவர்தானே, நன்றாக எழுதுவார் என்று கல்லூரியின் எல்லா ஆங்கிலக் கடிதமும் என் மேசைக்கு வரும். ஆண்டு விழாவா, நான்தான் மைக் பிடிக்க வேண்டும். விருந்தினர் வருகிறாரா, அறிமுக உரை நான்தான். மூன்று வருடம் மெக்னீசியம் ஆக்சைடின் மேற்பரப்பில் கார்பன் டை ஆக்சைடு எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அந்த முதல் செமஸ்டரில் ஒருவர்கூட, ஒருமுறைகூட, நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. சம்பளம், குளிர், சாப்பாடு எல்லாம் கேட்டார்கள். வேலையைக் கேட்கவில்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று திரும்பி வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் மேலும் தப்பு இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை "அங்கே எல்லாம் இப்படி இல்லை" என்று சொன்னேன் என்று கணக்கே இல்லை. ஆசிரியர் அறையில் நான் அந்த வார்த்தையை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, மறுநாள் ஐந்து பீரியட்டுக்குத் தயாரித்துவிட்டு, அப்புறம் பிஎச்.டி. ஆய்வேடு எழுதி முடித்த பெண்கள் அந்த அறையில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் எங்கள் ஜெர்மன் ஆய்வகத்தின் குளிர்சாதன அறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வகுப்பிலும் அதே கதை. வேகமான ஆங்கிலத்தில் நடத்துவேன். முதல் இன்டர்னலில் ஒரு மாணவி விடையை முழுக்க ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். நான் பேசியது அவள் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே. மதிப்பெண் போடாமல் அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் மாற்றியவர் எங்கள் துறைத் தலைவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பாஸ்போர்ட்கூட எடுக்காதவர். என் இரண்டாவது செமஸ்டர் தொடங்கும்போது டைம்டேபிளைப் போட்டு, என் கையில் கொடுத்தார். புதன்கிழமை காலியாக இருந்தது. தவறு நடந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். "தப்பில்லம்மா. உன் பதினாறு மணி நேரத்தையும் மத்த நாலு நாள்ல போட்டுட்டேன். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். புதன்கிழமை ஆய்வகம் உன்னுது" என்று சொல்லிவிட்டு, மேசை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்து வைத்தார். நூல் கட்டிய பித்தளைச் சாவி. ஆய்வகத்தின் இரண்டாவது சாவி. முதல்வரிடம் பேசிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்.

முதல் இரண்டு புதன்கிழமை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. கருவி எதுவும் இல்லை. மூன்றாவது புதன்கிழமை ஆய்வக உதவியாளர் அண்ணன் மூலையில் கிடந்த மஃபிள் ஃபர்னஸை, அதாவது மின்சாரச் சூளையைக் காட்டினார். சுருள் அறுந்து ஆறேழு வருடமாகக் கிடந்தது. பொருள் வாங்க மூன்று கொட்டேஷன், ஒரு கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட், மார்ச் 31க்குள் பில் என்ற வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். சுருள் மாற்றினோம். ஃபர்னஸ் ஓடியது.

அந்த வாரம் கருப்பூர் பக்கம் போய்வரும்போது சாலை ஓரம் கிடந்த ஒரு வெள்ளைக்கல்லை எடுத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்குத் தெரியாததா? மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட் கல், சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு ஆகும். அதன் பெயரிலேயே நம்மிடம் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, வெள்ளக்கல்பட்டி என்று ஊர் இருக்கிறது. பெங்களூரு சாலையில் போகிற எவரும் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்க்காமல் போக முடியாது. ஜெர்மனியில் மெக்னீசியம் ஆக்சைடு எனக்குச் சின்னச் சின்ன பாட்டிலில் வரும், மேலே தூய்மை விழுக்காடு அச்சடித்திருக்கும். மூன்று வருடம் அதைக் கரண்டியால் எடுத்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். அது என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் கிடைக்கும் கல்லின் பிள்ளை என்பது புத்தியில் இருந்தது, மனதில் பதியவே இல்லை.

இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஆறு பேரைக் கூப்பிட்டேன். கல்லை இடித்துப் பொடியாக்கினோம். சரியாக 10 கிராம் எடை போட்டு, க்ரூசிபிள் என்ற சுடு கிண்ணத்தில் வைத்து, 850 டிகிரியில் மூன்று மணி நேரம். ஆறவிட்டு மறுபடி எடை போட்டால் 4.9 கிராம். தராசு கெட்டுவிட்டது என்று ஒரு பெண் மறுபடி போட்டாள். மறுபடியும் 4.9. "பாதிக்கு மேல காணோமே, எங்க மேடம் போச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவர்களே கணக்குப் போட்டார்கள். மெக்னீசியம் கார்பனேட்டைச் சுட்டால் எடையில் 52 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும், 10 கிராமுக்கு 4.8 கிராம் மிஞ்ச வேண்டும். எங்கள் கல்லில் கொஞ்சம் சிலிக்காவும் கலந்திருந்தது, அது பறக்காது. அந்த 0.1 கிராமுக்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் பேசாமல் நின்றாள். அவள் தாத்தா சுரங்கத்தில் கல் பொறுக்கியவராம். "இத்தன வருசம் அவரு தூக்குனதுல பாதி காத்துங்களா மேடம்?" என்றாள்.

நான் ஆசிரியை ஆனது அன்றைக்குத்தான். ஜெர்மனியில் கற்றதும் சேலத்தில் பிறந்ததும் ஒரே மேசையில் வந்து சேர்ந்த நாள் அது. அந்தப் பொடியில்தான் என் முதல் கட்டுரை வந்தது. கருவி தேவைப்படும் அளவீடுகளுக்கு மாதிரிகளை ஐஐடி மெட்ராஸில் வெளியாட்களுக்கும் செய்து தரும் கருவி மையத்துக்குக் கூரியரில் அனுப்பினோம், கட்டணத்தைக் கைக்காசில் கட்டினோம், வாரக்கணக்கில் காத்திருந்தோம். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்று பிஎச்.டி. முடித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் கல்லூரிக்கு ஆன செலவு ஒரு ஃபர்னஸ் சுருளும் என் புதன்கிழமைகளும்தான்.

நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பி உங்கள் துறையில் சேருகிறவருக்கு முதல் இரண்டு செமஸ்டர் வாரத்தில் ஒரு நாளை முழுசாக விட்டுக்கொடுங்கள். ஆய்வகமோ நூலக அறையோ, எதுவாக இருந்தாலும் அதன் சாவியைக் கொடுங்கள்.

இது சலுகை இல்லை, விதியிலேயே இருந்ததுதான். 2010ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறை ஒரு ஆசிரியரின் ஆராய்ச்சிக்கு வாரம் குறைந்தது 6 மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னது. ஒரு வேலை நாளைக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான் வரும். 2018 விதிமுறை உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி நேரம் என்கிறது. ஓமலூர்க்காரருக்குப் போட்ட 22 பீரியட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜிலிருந்து 1949ல் திரும்பினார். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், சி.வி. ராமனின் பரிந்துரையில், அவரை இயற்பியல் துறைக்குப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டார். வயது முப்பது. எக்ஸ்ரே ஆய்வகம் அமைக்க விட்டார். பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து, தோலில் இருக்கும் புரதமான கொலாஜன் கிடைத்தது. 1954ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அதன் மும்மடிச் சுருள் அமைப்புக்கு வழி காட்டினார். புரதங்களைப் படிக்கும் எவரும் இன்றைக்கும் போடும் ராமச்சந்திரன் வரைபடம் 1963ல் அதே துறையில் பிறந்தது. ராமச்சந்திரனின் அறிவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். திரும்பி வந்த ஒரு இளைஞருக்கு அறையையும் நேரத்தையும் கொடுத்து ஒதுங்கி நின்ற அந்தத் துணைவேந்தரைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. எனக்கு அவர்தான் இந்தக் கதையில் முக்கியமானவர், ஏனென்றால் நீங்கள் உட்கார்ந்திருப்பது அவர் இடத்தில்.

ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை, தன்னிடம் வந்து ஆராய்ச்சி செய்தவர்கள் சொந்த நாடு திரும்பும்போது அங்கே காலூன்றுவதற்கென்றே தனி நல்கை வைத்திருக்கிறது. நம் அரசும் ராமலிங்கசாமி மறுநுழைவு நல்கை, ராமானுஜன் நல்கை என்று வைத்திருக்கிறது, இரண்டும் ஐந்து வருடம் வரை. நல்ல திட்டங்கள். ஆனால் நம் கல்லூரிகளின் சர்க்குலர் கோப்புகளில் நான் அந்தப் பெயர்களைப் பார்த்ததே இல்லை. திரும்பி வர நினைக்கும் ஒருவர் அதற்கு விண்ணப்பிக்க, ஏற்றுக்கொள்ள ஒரு நிறுவனம் வேண்டும். நாங்கள் ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுக்கக்கூட நம் அலுவலகங்களுக்குப் பழக்கமில்லை.

போன டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் ஏற்காட்டுக்குப் போனோம். எல்லோரும் திரும்பி வந்தவர்கள்: பிரிட்டனில் பொருளியல் படித்தவர், ஜப்பானில் இரண்டு வருடம் இருந்த தாவரவியல்காரர், ஓமலூர் மாணவர், நான். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஆரம்பித்த பேச்சு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை ஓயவில்லை. ஒவ்வொருவரும் தன் முதல் வருடத்தைத்தான் சொன்னார்கள். பொருளியல்காரர் சேலத்துக் கொலுசுப் பட்டறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான் திரும்பினார். செவ்வாய்ப்பேட்டைக்கும் சிவதாபுரத்துக்கும் வார நாட்களில் போனால்தான் பட்டறையில் ஆள் இருப்பார்கள், அவருக்கு வார நாள் ஒன்றுகூட இல்லை. தாவரவியல்காரர், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இதே மலையில் இருக்கிறது, சேர்ந்து மூன்று வருடத்தில் வேலை நாளில் ஒருமுறை வந்துபோக முடியவில்லை என்றார். ஏரிக்கரையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது, பஜ்ஜி ஆறிப்போய்விட்டது. ஓமலூர் மாணவர் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறீர்கள், அட்மிஷன் குறைந்தால் நிர்வாகம் உங்களைத்தான் கேட்கும். ஒருவரின் ஆறு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கவலை நியாயமானது. அதைவிட நியாயமான கேள்வி மற்ற ஆசிரியர்களிடமிருந்து வரும்: வெளிநாடு போனவருக்கு மட்டும் ஏன்? இதே ஊரில் இருந்துகொண்டே, ஒரு நாள்கூடத் தளர்வு இல்லாமல் ஆராய்ச்சி செய்தவர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். என் பதில், அவர்களுக்கும் கொடுங்கள் என்பதுதான். செமஸ்டருக்கு ஒருவர் என்று முறை வைத்துக் கொடுங்கள். ஆனால் திரும்பி வந்தவருக்கு முதல் வருடத்திலேயே கொடுங்கள். அவர் கையில் இருக்கும் வேலைக்கு ஆயுள் குறைவு. வெளிநாட்டு ஆய்வகத்தோடு இருக்கும் தொடர்பு, பாதியில் நிற்கும் கட்டுரை, விரல்களில் இருக்கும் பழக்கம் எல்லாம் ஒரு வருடம், ஒன்றரை வருடம்தான் தாங்கும். அதற்குள் ஒரு மாணவரை அந்த வேலைக்குள் இழுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். எங்கள் துறைத் தலைவரும் என் புதன்கிழமையை ஒரு வருடத்துக்குப் பின் அடுத்தவருக்கு மாற்றினார். யாரும் முகம் சுளிக்கவில்லை, நானும்தான். எனக்கு அதற்குள் ஆறு மாணவிகள் இருந்தார்கள்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, இணைத்தகுதி, அனுபவச் சான்று, ஊதிய நிர்ணயம் இவற்றை அவர் கையைப் பிடித்து நடத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், மாவட்டத்தில் எந்தக் கல்லூரியில் எந்தக் கருவி ஓடுகிறது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டால் போதும். நம்மிடம் இருக்கும் கருவிகளில் பாதி வாரத்துக்கு ஒருநாள்தான் ஓடுகிறது, அதே கருவிக்காகப் பக்கத்துக் கல்லூரிக்காரர் சென்னைக்கு மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று, நீங்களே போய்க் கேளுங்கள்: அங்கே என்ன வேலை செய்தீர்கள்? பத்து நிமிடம் உட்கார்ந்து, தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். வேறு துறையைச் சேர்ந்தவரானாலும் கேளுங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

இது மே மாதம். ஜூனுக்கான டைம்டேபிளை உங்களில் பலர் இப்போதுதான் பென்சிலில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஓமலூர் மாணவரின் நோட்டீஸ் காலம் மே 31ஆம் தேதியோடு முடிகிறது. அவர் வேலை பார்க்கும் கல்லூரியின் முதல்வர் இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஐயா, அவர் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. விசாவுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார். நான் கேட்டபோது, புதன்கிழமையோ வியாழக்கிழமையோ எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொன்னார். ஆய்வகத்தில் ஜன்னல் பக்கத்து மேசை ஒன்று காலியாக இருக்கிறதாம், அது போதும் என்றார். பெட்டி இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது. இருபத்தைந்து செல்லுக்கு உறை இருக்கிறதாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தலைக்கு ஒன்று செய்ய அதுவே போதும் என்று எண்ணி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை